சாவி களவு போன சர்வர்: ஷேர்பாயின்ட் ஓட்டையை அடைக்கும் வரிசை

கோப்புகளையும் படிவங்களையும் ஊழியர்கள் பகிர்ந்துகொள்ள, ஷேர்பாயின்ட் சர்வரைத் தங்கள் கட்டடத்துக்குள்ளேயே வைத்து நடத்தும் அலுவலகங்களுக்கானது இந்த அத்தியாயம். பெரிய கம்பெனிகளின் ஐ.டி. பிரிவுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ ஒரு கல்லூரியில், ஒரு கூட்டுறவு நிறுவனத்தில், கல்வராயன் மலைக்கிராமங்களில் களப்பணி செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில், "கம்ப்யூட்டர் தெரிந்தவர்" என்ற ஒரே காரணத்தால் சர்வர் பொறுப்பும் தலையில் விழுந்தவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். அவருக்கு நான் சொல்ல வருவது ஒன்றுதான். கோட் இன்ஜெக்‌ஷன் என்ற வகை ஓட்டையில் பேட்ச் போடுவது வேலையின் நடுப்பகுதி. முன்னால் செய்யவேண்டியதை முன்னாலும் பின்னால் செய்யவேண்டியதைப் பின்னாலும் செய்யாவிட்டால், பேட்ச் போட்டதாகப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

2025 ஜூலையில் நடந்தது

கோட் இன்ஜெக்‌ஷன் என்றால், வெளியாள் அனுப்பும் தகவலைச் சர்வர் தகவலாக எடுத்துக்கொள்ளாமல் கட்டளையாக ஓட்டிவிடுவது. கோட்பாடு இதற்கு மேல் வேண்டாம். 2025 மே மாதம் பெர்லினில் நடந்த ப்வ்ன்2ஓன் என்ற ஹேக்கிங் போட்டியில் வியட்நாமின் வியட்டெல் நிறுவன ஆய்வாளர் ஒருவர், இரண்டு ஓட்டைகளைக் கோத்து ஷேர்பாயின்ட் சர்வரைக் கைப்பற்றிக் காட்டி 1,00,000 டாலர் பரிசு பெற்றார். அந்த இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் ஜூலை 8 அன்று பேட்ச் வெளியிட்டது. ஓட்டைகளுக்குத் தரப்படும் சிவிஇ எண்ணில் சொன்னால், ஒன்று சிவிஇ-2025-49704, கோட் இன்ஜெக்‌ஷன். மற்றது சிவிஇ-2025-49706, உள்ளே வருபவர் யார் என்ற சோதனையை ஏமாற்றுவது. போட்டியில் காட்டியது, விற்பனையாளருக்குச் சொன்னது, பேட்ச் வந்தது என்று எல்லாம் ஒழுங்காக நடந்ததாகவே தோன்றியது.

பிறகுதான் சிக்கல். ஜூலை 18, வெள்ளிக்கிழமை மாலை (நம் கணக்கில் நள்ளிரவை ஒட்டி), நெதர்லாந்தின் ஐ செக்யூரிட்டி நிறுவனம் உலகெங்கும் ஷேர்பாயின்ட் சர்வர்கள் கொத்துக் கொத்தாகத் தாக்கப்படுவதைக் கண்டது. ஜூலை 8 பேட்ச் ஓட்டையை முழுதாக அடைக்கவில்லை. தாக்குபவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு வர வழி கண்டிருந்தார்கள். அந்த மாற்றுவழிகளுக்கு சிவிஇ-2025-53770, 53771 என்று புது எண்கள் கொடுத்து, ஜூலை 20, 21 தேதிகளில் மைக்ரோசாஃப்ட் அவசரப் பேட்ச் வெளியிட்டது. முதல் முயற்சிகள் ஜூலை 7-லேயே தொடங்கியிருந்ததாகவும் பின்னர் அதுவே சொன்னது. தாக்கப்பட்டவை 400 சிஸ்டங்களுக்கு மேல் என்று ஐ செக்யூரிட்டி கணக்கிட்டது. அமெரிக்க அணு ஆயுதப் பாதுகாப்பு நிர்வாகமும் அந்தப் பட்டியலில் இருந்தது. உள்ளே நுழைந்த குழுக்களில் ஒன்று, வார்லாக் என்ற ரேன்சம்வேரை இறக்கிக் கோப்புகளைப் பூட்டியது.

இந்தத் தேதிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என் வாதம் இவற்றின்மேல்தான் நிற்கிறது. ஜூலை 8 அன்றே கடமை தவறாமல் பேட்ச் போட்ட அலுவலகமும் ஜூலை 18 இரவு திறந்தேதான் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், வந்தவர்கள் எடுத்துப் போனது. அவர்கள் முதலில் தேடியது கோப்புகளை அல்ல, சர்வரின் மெஷின் கீ எனப்படும் ரகசியச் சாவியை. ஒரு பக்கத்தை நிரப்பி நீங்கள் அனுப்பும்போது, அது தன்னிடமிருந்து போன பக்கம்தானா என்று சர்வர் இந்தச் சாவியால்தான் சரிபார்க்கிறது. சாவி கையில் இருப்பவர் கையொப்பமிட்டு அனுப்பும் எதையும் சர்வர் நம்பி ஓட்டிவிடும். பழைய ஓட்டை அவருக்கு இனித் தேவையே இல்லை. கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்துவிட்டு, தொலைந்த சாவிக்குப் பொருந்தும் பூட்டையே மறுபடி தொங்கவிடுவதுதான் வெறும் பேட்ச்.

"கள்ளக்குறிச்சிக்கு யார் வரப்போகிறார்கள்?"

மேலதிகாரியிடம் நேரம் கேட்கப் போனால் முதலில் வரும் கேள்வி இதுதான். 2019-இல் உருவான மாவட்டம், மரச்சிற்பத்துக்கும் கரும்புக்கும் பெயர்போன ஊர், இங்கே என்ன ராணுவ ரகசியமா இருக்கிறது என்பார். கேள்வி நியாயமானதுதான், ஆனால் தாக்குதல் நடக்கும் விதத்தை அது தப்பாகக் கணிக்கிறது. தாக்குபவர் ஊரைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் எழுதிய நிரல் இணையத்தில் உள்ள பப்ளிக் ஐபி எண்களை வரிசையாகத் தட்டிப் பார்க்கிறது. ஷேர்பாயின்ட் என்று பதில் சொல்லும் எண்ணுக்கெல்லாம் ஒரே கோரிக்கையை அனுப்புகிறது. அந்த நிரலுக்கு வாஷிங்டனும் கல்வராயன் மலையின் வெள்ளிமலையும் ஒன்றுதான். ரேன்சம்வேர் குழுவுக்கோ உங்கள் தரவு அதற்குப் பயன்படுகிறதா என்பது பொருட்டே அல்ல. உங்களுக்கு அது எவ்வளவு அவசியம் என்பதுதான் கணக்கு. கரும்புப் பதிவு, மாணவர் விவரம், பழங்குடி நலத் திட்டப் பயனாளிகள் பட்டியல், சம்பளப் பட்டியல் இவை இல்லாமல் உங்கள் அலுவலகம் எத்தனை நாள் ஓடும் என்று மேலதிகாரியையே கேளுங்கள்.

தொடங்குமுன்

மின்சாரத்தை முதலில் பாருங்கள். பேட்ச் போட்டபின் ஓட்டவேண்டிய கான்ஃபிகரேஷன் விஸார்டு தரவுத்தளத்தையே மாற்றி எழுதும். அது பாதியில் நின்றால், பழைய நிலைக்கும் போகாமல் புதிய நிலைக்கும் வராமல் சர்வர் நடுவில் தொங்கும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் என்றைக்கு என்று செய்தித்தாளில் பார்த்து, அந்த நாளைத் தவிருங்கள். யூபிஎஸ் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதை அதன்மேல் ஒட்டிய தாளை நம்பிச் சொல்லாதீர்கள், பேட்டரி பழசாகியிருந்தால் தாளில் இருப்பதில் கால்வாசியே கிடைக்கலாம். ஜெனரேட்டர் இருந்தால் டீசல் இருக்கிறதா என்பதும் இந்தப் பட்டியலில் சேரும்.

அடுத்து, வேறொரு கணினியில் இரண்டு கோப்புகளை இறக்கி வையுங்கள்: உங்கள் பதிப்புக்கான மிகச் சமீபத்திய ஷேர்பாயின்ட் பேட்ச், டிஃபெண்டர் ஆன்டிவைரஸின் அன்றைய டெஃபினிஷன் கோப்பு. இரண்டையும் மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து மட்டுமே எடுங்கள். கோப்பின்மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்று போனால் கையொப்பம் மைக்ரோசாஃப்டுடையதா என்று தெரியும். அவசரத்தில் யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பிலிருந்து பேட்ச் எடுத்தால், அதையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டிவரும்.

வேலையின் வரிசை

கீழே உள்ள எண்களை மாற்றிச் செய்யாதீர்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தையதை நம்பி நிற்கிறது.

1. இணையத்தைத் துண்டியுங்கள், சர்வரை அணைக்காதீர்கள். கை பரபரக்கும், ரீஸ்டார்ட் செய்யத் தோன்றும். வேண்டாம். 2025 ஜூலை தாக்குதல்களில் சிலவற்றில் டிஸ்க்கில் ஒரு கோப்பும் இறங்கவில்லை, எல்லாம் நினைவகத்திலேயே ஓடியது. அணைத்தால் வந்தவர் விட்டுச்சென்ற தடயத்தை நீங்களே துடைத்துவிடுகிறீர்கள். ஃபயர்வாலில் வெளியிலிருந்து சர்வருக்கு வரும் 443, 80 போர்ட்களை மூடுங்கள். அதோடு சர்வரிலிருந்து வெளியே போகும் பாதையையும் மூடுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஃபயர்வால் கடவுச்சொல் யாரிடம் என்றே தெரியாவிட்டால், சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. விர்ச்சுவல் சர்வராக இருந்தால் அதன் நெட்வொர்க் இணைப்பு வேறிடத்தில் இருக்கும், அதை ஹைப்பர்வைசர் திரையில் துண்டியுங்கள்.

2. தடயத்தைப் பிரதி எடுங்கள். விர்ச்சுவல் சர்வர் என்றால் நினைவகத்தையும் சேர்த்து ஒரு ஸ்னாப்ஷாட். எதுவானாலும், சி டிரைவில் இனெட்பப், லாக்ஸ், லாக்ஃபைல்ஸ் என்று போகும் ஃபோல்டரையும், விண்டோஸ் ஈவென்ட் லாகையும், ஷேர்பாயின்டின் லேஅவுட்ஸ் ஃபோல்டரையும் அப்படியே ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுதி ஒட்டிப் பூட்டிவையுங்கள். இந்த டிஸ்க்கை இனி வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. லாக் இடத்தை அடைக்கிறது என்று மாதாமாதம் அழிக்கும் பழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. இன்றோடு அதை நிறுத்துங்கள், காரணம் பின்னால் வருகிறது.

3. பதிப்பைப் பாருங்கள். பேட்ச் வந்தது 2016, 2019, சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் ஆகிய மூன்றுக்கே. 2013 பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11-உடன் முடிந்தது, 2010 அதற்கும் முன்பே. உங்களிடம் இருப்பது இந்தப் பழையவற்றில் ஒன்று என்றால், மீதிப் படிகள் உங்களுக்கு இல்லை. அந்தச் சர்வர் இனி இணையத்தைப் பார்க்கவே கூடாது. "இத்தனை வருடம் ஓடியதே" என்பது வாதம் ஆகாது. இத்தனை வருடமும் ஓடிய ஓட்டைக்கு இப்போது விலாசம் கிடைத்துவிட்டது.

4. சாவியை முதல் முறை மாற்றுங்கள். சென்ட்ரல் அட்மினிஸ்ட்ரேஷன் திரையில் மானிட்டரிங், அதில் ரிவ்யூ ஜாப் டெஃபினிஷன்ஸ், அதில் மெஷின் கீ ரொட்டேஷன் ஜாப், பிறகு ரன் நவ். பவர்ஷெல் பழகியவர்களுக்கு இரண்டு கட்டளைகள் உண்டு: செட்-எஸ்பிமெஷின்கீ புதுச் சாவியை உருவாக்கும், அப்டேட்-எஸ்பிமெஷின்கீ அதை எல்லாச் சர்வர்களுக்கும் அனுப்பும். இரண்டாவதை மட்டும் ஓட்டிவிட்டு முடிந்தது என்று எழுந்துபோகிறவர்கள் பழைய சாவியையே மறுபடி விநியோகிக்கிறார்கள். ஒவ்வொரு வெப் அப்ளிகேஷனுக்கும் தனித்தனியே செய்ய வேண்டும்.

5. பேட்ச் போடுங்கள், விஸார்டை ஓட்டுங்கள். 2016, 2019 பதிப்புகளின் 2025 ஜூலை அவசரப் பேட்ச் இரண்டு கோப்புகளாக வந்தது, ஒன்று மையக் கோப்பு, மற்றது மொழிப் பொதிக்கானது. "நாங்கள் தமிழ், பிரெஞ்சு எதுவும் போடவில்லையே" என்று மொழிக் கோப்பை விட்டுவிடாதீர்கள், ஆங்கிலம் மட்டும் இருந்தாலும் இரண்டும் வேண்டும். கோப்புகளை நிறுவியதும் வேலை பாதிதான். அதன்பின் ஒவ்வொரு சர்வரிலும் ப்ராடக்ட்ஸ் கான்ஃபிகரேஷன் விஸார்டை ஓட்டினால்தான் பேட்ச் உயிர்பெறும். கன்ட்ரோல் பேனலில் பேட்ச் எண் தெரிவதைப் பார்த்துத் திருப்தியடைந்து விஸார்டை விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. விஸார்டு ஒரு இடத்தில் நின்றுவிட்டதுபோல நெடுநேரம் தோன்றும். பொறுங்கள், கை வைக்காதீர்கள்.

6. ஏஎம்எஸ்ஐ ஓடுகிறதா பாருங்கள். சர்வருக்கு வரும் கோரிக்கையை ஓட்டுமுன் ஆன்டிவைரஸிடம் காட்டும் இணைப்பு இது. 2023 செப்டம்பருக்குப் பிந்தைய பேட்ச்களில் தானாகவே இயங்கும் நிலையில் வந்தது. ஆனால் வேகம் குறைகிறது என்று யாராவது அணைத்திருப்பார்கள். ஃபுல் மோடில் இயக்குங்கள், எல்லா ஷேர்பாயின்ட் சர்வரிலும் டிஃபெண்டர் இருக்கட்டும், எடுத்து வைத்த டெஃபினிஷனை ஏற்றுங்கள்.

7. சாவியை இரண்டாம் முறை மாற்றுங்கள். நான்காம் படியை அப்படியே மறுபடி செய்து, முடிவில் எல்லாச் சர்வரிலும் விண்டோஸின் வெப் சர்வரான ஐஐஎஸ்-ஐ ரீசெட் செய்யுங்கள். இரண்டு முறை எதற்கு என்ற கேள்வி வரும். முதல் மாற்றம், ஏற்கெனவே திருடப்பட்ட சாவியைச் செல்லாததாக்குகிறது. ஆனால் அந்த நேரத்தில் ஓட்டை இன்னும் திறந்திருக்கிறது. உள்ளே எதையாவது விட்டுச்சென்றிருந்தால், அது புதுச் சாவியையும் படித்திருக்க முடியும். ஓட்டை அடைபட்டபின் உருவாகும் சாவிதான் உங்களுடையது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா சொன்ன வரிசையும் இதுவே.

8. தேடுங்கள். இதற்குத் தனித் தலைப்பு வேண்டும், கீழே.

9. மீண்டும் இணையுங்கள், ஆனால் பழைய இடத்தில் அல்ல. இதுவும் கீழே.

லாகில் என்ன தேடுவது

ஐஐஎஸ் லாகைத் திறந்ததும் கண்ணில் படவேண்டியது நேரம். அதில் பதிவது உலகப் பொது நேரம், நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. 18:00 என்று இருந்தால் கள்ளக்குறிச்சியில் இரவு 11:30. இதை மறந்து, "மாலை ஆறு மணிக்கு அலுவலகத்தில் யாரோ வேலை செய்திருப்பார்கள்" என்று நினைத்துக் கடந்துவிட்டால், நடு இரவில் வந்தவரைத் தவறவிட்டீர்கள் என்று பொருள். பின்னிரவுப் பதிவுகள் லாகில் முந்தைய நாளின் தேதியில் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேட வேண்டிய சொல் "டூல்பேன்" (ஆங்கில எழுத்தில்). அந்தப் பக்கத்துக்கு "போஸ்ட்" வகைக் கோரிக்கை வந்து, அதே வரியில் ரெஃபரர் பத்தியில் "சைன்அவுட்" பக்கம் இருந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். வெளியேறும் பக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டு யாரும் இயல்பாக டூல்பேன் என்ற திருத்தும் பக்கத்துக்குப் போவதில்லை, அதுதான் அந்தத் தாக்குதலின் கையெழுத்து. அதற்குச் சில நொடிகள் கழித்து அதே ஐபி-யிலிருந்து "ஸ்பின்ஸ்டால்0" என்ற பக்கத்துக்கு ஒரு "கெட்" கோரிக்கை, அந்த வரியில் 200 என்ற எண் இருந்தால் சாவி போய்விட்டது. 404 என்றால் தேடினார்கள், அந்தப் பெயரில் கோப்பு இல்லை. ஆனால் 404-ஐப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள். பெயரின் கடைசி எண் மாறிமாறி வந்திருக்கிறது, கோப்பே இல்லாத வகையும் உண்டு. லேஅவுட்ஸ் ஃபோல்டரில் கோப்புகளைத் தேதி வரிசையில் பார்ப்பது நல்ல தொடக்கம். தேதியை மாற்றி எழுத முடியும் என்பதால், அதே பதிப்பைச் சுத்தமாக நிறுவிய இன்னொரு சர்வரின் கோப்புப் பட்டியலோடு ஒப்பிடுவது அதைவிட நல்லது. ஐஐஎஸ்-இன் வொர்க்கர் ப்ராசஸ், கமாண்ட் ப்ராம்ப்டையோ பவர்ஷெல்லையோ தொடங்கியதாக ஈவென்ட் லாகில் பதிவு இருந்தாலும் அதே முடிவுக்கு வரலாம்.

சாவியை மாற்றிய பின் வரும் நாட்களில் விண்டோஸின் அப்ளிகேஷன் லாகில் 1316 என்ற எண்ணைக் கவனியுங்கள். பக்கத்தின் கையொப்பம் பொருந்தவில்லை என்று சர்வர் மறுக்கும்போது இது விழும். சாவி மாறிய நேரத்தில் பக்கத்தைத் திறந்து வைத்திருந்த உங்கள் ஊழியர்களாலும் விழும் என்பதால், முதல் சில மணி நேரப் பதிவுகளால் பதற வேண்டாம். மறுநாளும் அதற்கு மறுநாளும் தெரியாத ஐபி-யிலிருந்து விழுந்தால், யாரோ பழைய சாவியோடு தட்டிப் பார்க்கிறார்கள்.

தடயம் கிடைத்தால் என்ன செய்வது? அந்தக் கோப்பை அழித்துவிட்டு வேலையைத் தொடரலாம் என்று தோன்றும். நான் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தச் சர்வரைச் சுத்தம் செய்யாதீர்கள், புதிதாக நிறுவுங்கள். சாவியைப் படிக்க முடிந்தவர் வேறு என்னென்ன விட்டுச்சென்றார் என்பதை நீங்கள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும், அவருக்கோ ஒன்று மிச்சமிருந்தால் போதும். பேக்கப்பிலிருந்து மீட்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. முழுச் சர்வரின் பழைய பேக்கப்பை மீட்டால், திருட்டுப்போன சாவியும் பேட்ச் இல்லாத நிரலும் சேர்ந்தே திரும்பி வரும். உள்ளடக்கத் தரவுத்தளத்தை மட்டும் மீட்டு, சர்வரைப் புதிதாகவும் சாவியைப் புதிதாகவும் அமையுங்கள். ஷேர்பாயின்ட் சேவைக் கணக்குகளின் கடவுச்சொற்களை எல்லாம் மாற்றுங்கள். சிறிய அலுவலகங்களில் அந்தக் கணக்குக்கே டொமைன் அட்மின் அதிகாரம் கொடுத்து வைத்திருப்பார்கள், "அப்போதுதான் பிழை வராமல் நிறுவ முடிந்தது" என்பார்கள். அப்படியென்றால் போனது ஒரு சர்வர் அல்ல, அலுவலகத்தின் மொத்த நெட்வொர்க்கும்.

ஆறு மணி நேரம்

இந்தியாவில் இது விருப்பத்துக்கு விட்ட விஷயம் அல்ல. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, இப்படியொரு ஊடுருவல் உங்களுக்குத் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். லாக்களை 180 நாள், இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. இரண்டாம் படியில் லாகை அழிக்காதீர்கள் என்றதன் சட்டக் காரணம் இதுதான். சர்வர் கடிகாரங்களை என்ஐசி அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு இணைத்து வைக்கவும் அது சொல்கிறது. கடிகாரம் பத்து நிமிடம் பிசகியிருந்தால் ஃபயர்வால் லாகையும் சர்வர் லாகையும் பொருத்திப் பார்க்கவே முடியாது.

செர்ட்-இன் உதவி எண் 1800-11-4949. பணமும் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழையுங்கள். வெளியே தெரிந்தால் மானம் போகும், விசாரணை வரும், நம்மையே குற்றவாளியாக்கிவிடுவார்கள் என்ற தயக்கம் இருக்கும். அது புரிகிறது. ஆனால் மறைத்த ஊடுருவல் பின்னால் தெரியவரும்போது, பேட்ச் போடாத குற்றத்தோடு மறைத்த குற்றமும் சேரும். முழு விவரமும் கிடைத்தபின் சொல்லலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம், தெரிந்தவரை முதலில் சொல்லிவிட்டு மீதியைப் பின்னால் அனுப்பலாம்.

மலையில் இருப்பவர்கள் எப்படி வேலை செய்வார்கள்?

ஒன்பதாம் படிக்கு வருவோம். சர்வர் ஏன் இணையத்தைப் பார்த்தபடி வைக்கப்பட்டது என்று கேட்டால், காரணம் பெரும்பாலும் வெளியிடத்து ஊழியர்கள். கச்சிராயபாளையம் வழியாக மலையேறி வெள்ளிமலைக்கும் அதைத் தாண்டிய கிராமங்களுக்கும் போகிறவர்கள், அங்கிருந்தே படிவத்தை ஏற்ற வேண்டும். மூடினால் களப்பணி நின்றுவிடும் என்பது வலுவான மறுப்பு, ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அது கேட்பது ஊழியர்களுக்கு வழி. உலகம் முழுவதற்கும் வழி விட்டுவிட்டு அதை ஊழியர் வசதி என்கிறோம்.

வழி இரண்டு வகை. விபிஎன் வைத்து, கடவுச்சொல்லோடு கைபேசிக் குறியீடும் கேட்டு, அதற்குப் பின்னால் மட்டும் சர்வரைக் காட்டுவது ஒன்று. விபிஎன் கருவிக்கும் ஓட்டைகள் வரும், அதற்கும் பேட்ச் உண்டு என்பதை மறக்கவேண்டாம். ஆனாலும் கடவுச்சொல்லே கேட்காமல் உள்ளே விடும் ஓட்டை ஷேர்பாயின்டில் வரும்போது, முன்னால் ஒரு கதவு இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. மலையின் பல இடங்களில் சிக்னல் வந்து வந்து போகும், விபிஎன் அறுந்து அறுந்து ஊழியர் சலித்துப்போவார். அங்கே இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன்: படிவத்தைக் கைபேசியிலோ லேப்டாப்பிலோ இணையம் இல்லாமல் நிரப்பி, மலையிறங்கி அலுவலகம் வந்தபின் ஏற்றுவது. மலையில் எடுத்த கணக்கு அன்று மாலையே சர்வரில் இருந்தாகவேண்டும் என்று யார் சொன்னது, எப்போது சொன்னார், இன்னும் அது தேவையா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல சமயம் அந்த அவசரம், எப்போதோ ஒரு ஆய்வுக்கூட்டத்துக்காக ஏற்பட்டு அப்படியே தங்கிவிட்டதாக இருக்கும்.

அலுவலகத்துக்குள்ளேயும் சர்வரை மற்றக் கணினிகளோடு ஒரே நெட்வொர்க்கில் போடாதீர்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் ஐந்து சர்வர்களின் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டு, நாட்கணக்கில் புறநோயாளிச் சீட்டுகூடக் கையால் எழுதும் நிலை வந்தது. நெட்வொர்க்கை முறையாகப் பிரிக்காததை ஒரு காரணமாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அங்கே ஓட்டை வேறு. ஆனால் ஒரு இடத்தில் நுழைந்தவர் எங்கும் போக முடிந்தது என்பது இங்கேயும் அப்படியே பொருந்தும்.

கிளவுடுக்குப் போய்விட்டால்?

2025 ஜூலை ஓட்டை மைக்ரோசாஃப்ட் தானே நடத்தும் ஷேர்பாயின்ட் ஆன்லைனைப் பாதிக்கவில்லை. ஆகவே முழுநேர ஐ.டி. ஆள் இல்லாத, சில டஜன் பேர் கொண்ட அலுவலகம் கிளவுடுக்கு மாறுவதே மேல் என்பது என் கருத்து. இரவில் பேட்ச் வந்தால் எழுந்து போடுவதற்கு அங்கே ஆள் இருக்கிறது. மாதச் சந்தாவும், இணைப்பு அறுந்தால் மொத்த அலுவலகமும் நிற்பதும் அதன் விலை. இரண்டு வேறு நிறுவனங்களின் இணைப்பு இல்லாமல் மாறாதீர்கள். தரவு கட்டடத்துக்குள்தான் இருக்கவேண்டும் என்ற விதி உங்களுக்கு இருந்தால், சர்வரை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இணையத்துக்குக் காட்டாதீர்கள். சர்வரும் வேண்டும், வெளியிலும் தெரியவேண்டும், பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டாம் என்பது மட்டும் நடக்காது.

உங்களிடம் இருப்பது ஷேர்பாயின்ட் இல்லை, ஜிம்ப்ரா மெயில் சர்வரோ கான்ஃப்ளுயன்ஸ் விக்கியோ என்றாலும் வரிசை இதேதான். கான்ஃப்ளுயன்ஸில் 2022 ஜூனில் சிவிஇ-2022-26134, ஜிம்ப்ராவில் 2024-இல் சிவிஇ-2024-45519 என்று அங்கேயும் உள்நுழையாமலே கட்டளை ஓட்டும் ஓட்டைகள் வந்தன. மெஷின் கீக்குப் பதில் அங்கே நிர்வாகக் கணக்குகள், தரவுத்தளக் கடவுச்சொல், ஏபிஐ டோக்கன்கள். துண்டித்தல், பிரதி, பேட்ச், ரகசியங்களை மாற்றல், தேடல் மாறாது.

வெண்டரிடம் எழுதி வாங்குங்கள்

பராமரிப்பு ஒப்பந்தம் சேலத்திலோ சென்னையிலோ உள்ள ஒரு வெண்டரிடம் இருந்தால், "அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது பதில் ஆகாது. அடுத்த புதுப்பித்தலின்போது இவற்றைக் கேளுங்கள்:

1. அவசரப் பேட்ச் வெளிவந்தால் எத்தனை மணி நேரத்தில் போடுவீர்கள்? "கூடிய விரைவில்" என்று எழுதவிடாதீர்கள், எண் வேண்டும்.
2. விஸார்டு ஓட்டியதற்கும் சாவி மாற்றியதற்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தருவீர்களா?
3. நீங்கள் தூரத்திலிருந்து உள்ளே வர எந்த வழியைப் பயன்படுத்துகிறீர்கள்? எனிடெஸ்க் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறதா?
4. வேலை முடிந்து போன உங்கள் ஊழியர்களின் கணக்கு எங்கள் சர்வரில் இன்னும் இருக்கிறதா?

2016, 2019 பதிப்புகளுக்கு மைக்ரோசாஃப்ட் குறித்திருக்கும் ஆதரவுக் கடைசி நாள் 2026 ஜூலை 14. இந்த இரண்டில் ஒன்றை வைத்திருப்பவர், சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கோ கிளவுடுக்கோ மாறுவதற்கான விலைப்புள்ளியையும் இதே கடிதத்தில் கேட்டு, அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கு ஒரு வரி போட்டு வைக்கட்டும்.